ஐம்பதாயிரம் ரூபாயில் கேமிங் பி.சி.: எதை இப்போது வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

சுந்தரபாண்டியம் நெசவாளர் தெரு. பிற்பகல் வெயிலில் தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாசலில் கூரியர் வண்டி வந்து நிற்க, தறியை விட்டு எழுந்து வந்த அப்பா கையெழுத்துப் போட்டுப் பெட்டிகளை வாங்கி வைக்கிறார். உள்ளே தரையில் போர்வை விரித்து மகன் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறான். ஒன்றில் மதர்போர்டு, இன்னொன்றில் பிராசஸர். ஆளுயரத்தில் பாதி வரும் பெட்டியில், கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் வைத்த கேபினெட். மொபைலில் ஓடும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஸ்க்ரூ முடுக்குகிறான். பக்கத்து வீட்டுப் பையன்கள் நிலைப்படியில் கூடிவிட்டார்கள். “மொத்தம் எவ்வளவுடா ஆச்சு?” என்று அம்மா கேட்கும்போது மட்டும் பதில் சட்டென்று வருவதில்லை.

ராஜபாளையம் மில் தொழிலாளர் வீடுகளிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களிலும், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள மாணவர் அறைகளிலும் காணக்கூடிய காட்சிதான் இது. மொபைலில் விளையாடி வளர்ந்த தலைமுறை இப்போது கம்ப்யூட்டருக்கு நகர விரும்புகிறது. கையில் இருப்பது நாற்பதாயிரம், ஐம்பதாயிரம். அந்தப் பணத்துக்கு இணையத்தில் கிடைக்கும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றேதான்: கிராபிக்ஸ் கார்டில் பணத்தைப் போடு, மற்றதிலெல்லாம் மிச்சம் பிடி. பெருநகரத்தில் இருப்பவருக்கு அது பலிக்கலாம். கெட்டுப்போன பாகத்தைச் சென்னை ரிச்சி தெருவில் அன்று மாலையே மாற்றிவிடுவார். இங்கிருந்து மதுரைக்கே முக்கால் நூறு கிலோமீட்டர், சென்னைக்கு ஐந்நூறுக்கும் மேல். ஒரு பாகம் பழுதானால் போக்குவரத்து, காத்திருப்பு, கூரியர் எல்லாம் வாங்கியவர் தலையில். ஆகவே இந்த ஊர்களில் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கெட்டால் மற்றதையும் கெடுக்கும் பாகத்துக்கும், பின்னால் மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றவேண்டிய பாகத்துக்கும் முதலில் பணம் போக வேண்டும். கிராபிக்ஸ் கார்டு ஒரு ஸ்லாட்டில் செருகும் பொருள். அது கடைசியில் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம்.

ரேம் விலை ஏறிய கதை

இந்த வாதத்துக்கு இப்போது அவசரம் கூடியிருப்பதற்குக் காரணம் ரேம். 2025-ன் இறுதி மாதங்களில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. உலகின் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் கேட்பது ஹெச்.பி.எம். என்ற வேறு வகை நினைவகம். ஒரே அளவு நினைவகத்தை அந்த வகையில் செய்ய, சாதாரண ரேமுக்குத் தேவைப்படுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகடு செலவாகிறது. லாபமும் அங்கேதான் அதிகம். தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பின. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரேம் குறைந்தது. 2025 டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான், பொதுமக்களுக்கு நேரடியாக விற்றுவந்த தனது ‘க்ரூஷியல்’ வணிகத்திலிருந்தே வெளியேறுவதாக அறிவித்தது. பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் கட்டியவர்களுக்கு நன்கு பழக்கமான பெயர் அது.

விலை குறையும்வரை காத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2021-ல் கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காகக் கிராபிக்ஸ் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். விலை விண்ணுக்குப் போனது. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் தோண்டுதல் நின்றது. அந்தக் கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. காத்திருந்தவர்களுக்கு அன்று பலன் கிடைத்தது. இப்போதைய தட்டுப்பாடு வேறு வகை. புதிய சில்லுத் தொழிற்சாலை எழும்ப ஆண்டுக்கணக்கில் ஆகும், தரவு மையங்களின் பசியும் உடனே அடங்குவதாகத் தெரியவில்லை. தேவை உள்ளவர், குறிப்பாகக் கல்லூரியில் சேரப்போகிறவர், காத்திருந்து பெறப்போவது அதிகமில்லை. அவர் செய்யக்கூடியது தலைமுறையை யோசித்துத் தேர்வதுதான். 2022-ல் வந்த ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 மதர்போர்டுகள் டி.டி.ஆர்.5 ரேமை மட்டுமே ஏற்கும். அதற்கு முந்தைய ஏ.எம்.4-க்கு டி.டி.ஆர்.4 போதும். அதன் விலையும் ஏறியிருக்கிறது என்றாலும், வீட்டிலோ நண்பரிடமோ பழைய டி.டி.ஆர்.4 ரேம் இருந்தால் அதை அப்படியே பயன்படுத்தலாம். நல்ல நிலையில் உள்ள ரேம் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பொருள். பழையதாக வாங்கினாலும் ஆபத்து மிகக் குறைவான பாகம் அதுவே.

கண்ணுக்குத் தெரியாத பெட்டி

கம்ப்யூட்டருக்குள் அதிகம் பேசப்படாத பாகம் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, மதர்போர்டுக்கும் கார்டுக்கும் தேவையான 12 வோல்ட்டாகவும் அதற்குக் கீழும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. குறைந்த விலைக் கேபினெட்டோடு இலவசம்போல் சேர்த்துத் தருகிறார்களே, பெரிய எழுத்தில் ‘450 வாட்’ என்று போட்டது, அதில்தான் பெரும்பாலான பட்ஜெட் கம்ப்யூட்டர்களின் கதை முடிகிறது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் சிறிய எழுத்தில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 18 ஆம்பியர் என்றால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். வெளியே 450 என்று சொல்லும் பெட்டி, வேலைக்கு ஆகும் இடத்தில் பாதிகூடத் தருவதில்லை.

இதன் விளைவு முதல் நாளில் தெரியாது. மொபைலில் பார்த்த அதே வேகத்தில் விளையாட்டு ஓடும். கோடை வரும், மாலையில் ஊரே மின்விசிறியும் ஏ.சி.யும் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். கார்டு முழு வேகத்தில் மின்சாரம் கேட்கும். அப்போது திரை கறுத்து கம்ப்யூட்டர் தானாக அணைந்து மீண்டும் எழும். சில வாரம் இப்படி ஓடி ஒருநாள் எழாமலே போகும். பாதுகாப்புச் சுற்று இல்லாத எஸ்.எம்.பி.எஸ். வெடிக்கும்போது தனியாகச் சாவதில்லை, மதர்போர்டையும் சில நேரம் கார்டையும் கூட்டிக்கொண்டே போகும். எஸ்.எம்.பி.எஸ்.சில் மிச்சம் பிடித்த இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய் இருபதாயிரம் ரூபாய்ப் பொருளைத் தின்றுவிடும். வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது சிமென்ட்டைக் குறைத்துவிட்டு வாசலில் கிரானைட் பதிப்பதுபோன்ற சிக்கனம் இது.

வசதி உள்ளவர் மறுநாளே வேறொன்று வாங்கிவிடுவார். தறிக் கூலியிலும் மில் சம்பளத்திலும் சேர்த்த பணத்தில் வாங்கிய குடும்பத்துக்கு அந்த இழப்பு ஓராண்டுத் தள்ளிவைப்பு. பல வீடுகளில் கம்ப்யூட்டரே அதோடு ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. பணம் குறைவாக உள்ளவர்தான் நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கியாக வேண்டும் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

▣ ஸ்டிக்கரில் பார்க்க வேண்டியவை
• ‘80 பிளஸ் பிரான்ஸ்’ சான்று: பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீத மின்சாரம் வீணாகாமல் பாகங்களுக்குச் சேரும்.
• 12 வோல்ட் ஆம்பியர்: 12-ஆல் பெருக்கிய தொகை, பெட்டி சொல்லும் வாட்டுக்கு அருகில் வர வேண்டும்.
• பட்ஜெட் கார்டு ஒன்றுக்கு 550 வாட் தாராளம்.
• கிராபிக்ஸ் கார்டுகளின் மின்தேவை: ஆர்.டி.எக்ஸ். 3050 (6 ஜி.பி.) 70 வாட், ஆர்.டி.எக்ஸ். 4060 115 வாட், ஆர்.எக்ஸ். 6600 132 வாட். இன்டெல் ஆர்க் பி580 190 வாட்.
• 600 வி.ஏ. யூ.பி.எஸ். பொதுவாகத் தருவது 360 வாட் அளவே. அது விளையாட்டைத் தொடர்வதற்காக இல்லை, சேமித்துவிட்டு அணைப்பதற்காக.

கார்டு இல்லாத கேமிங் பி.சி.யா?

இங்கே வலுவான ஆட்சேபம் வரும். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேமிங் பி.சி. என்று எப்படிச் சொல்வது? விளையாட்டின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கார்டுதானே? உண்மை. நான்காயிரம் ரூபாயை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் போட்டால் திரையில் அதிக பிரேம்கள் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நம் பையன்கள் எதை விளையாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2020-ல் வந்த வேலரன்ட் விளையாட்டு விநாடிக்கு 60 பிரேமில் ஓட, ஜி.டி. 730 என்ற பழைய எளிய கார்டே போதும் என்று அதை உருவாக்கிய ரயட் நிறுவனம் கூறுகிறது. ஜி.டி.ஏ. 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015-ல். இவற்றுக்கு, பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் பகுதி வைத்த ரைசன் 5 5600ஜி போன்றவை தாங்கும். ஒரே ஒரு நிபந்தனை: ரேமை ஒரு 16 ஜி.பி. குச்சியாகப் போடக் கூடாது, இரண்டு 8 ஜி.பி. குச்சிகளாகப் போட வேண்டும். உள்ளமைந்த கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமையே பயன்படுத்துகிறது. இரண்டு குச்சி போட்டால் அதற்கான பாதை இரட்டிப்பாகும். ஒற்றைக் குச்சியில் வேகம் பரிதாபமாக விழும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒற்றைக் குச்சியோடு விற்கும் கடைக்காரரிடம் இதை வற்புறுத்திக் கேளுங்கள்.

5600ஜி-க்குக் குறைகளும் உண்டு. கிராபிக்ஸ் இல்லாத ரைசன் 5 5600-ல் உள்ள எல்3 கேஷ் 32 எம்.பி., இதில் 16 தான். கார்டு செருகும் பாதையும் பழைய பி.சி.ஐ.இ. 3.0. ஆகவே பின்னாளில் கார்டு வாங்கும்போது எதை வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2022-ல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. மலிவாகத் தெரியும், அது நான்கே பாதைகளைப் பயன்படுத்துவதால் பழைய வகை ஸ்லாட்டில் வெகுவாகத் திணறும். எட்டுப் பாதை உள்ள ஆர்.எக்ஸ். 6600-க்கு இழப்பு சொற்பம். நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே உள்ள கார்டு இனி எந்த விலையிலும் வேண்டாம். புதிய விளையாட்டுகள் 8 ஜி.பி.யையே நிரப்பத் தொடங்கிவிட்டன. ஓராண்டு பொறுத்து, முழுசாகச் சேர்த்த பணத்தில் 8 ஜி.பி.க்குக் குறையாத கார்டு வாங்குவது, இன்று அவசரப்பட்டு 4 ஜி.பி. கார்டு வாங்கி அடுத்த ஆண்டு அதைப் பாதி விலைக்குத் தள்ளுவதைவிட மலிவு. கார்டைச் செருக ஸ்லாட்டும், அதை ஊட்ட எஸ்.எம்.பி.எஸ்.சும் முன்கூட்டியே தயாராக இருந்தால் அந்த மாற்றம் பத்து நிமிட வேலை.

பிளேஸ்டேஷன் வாங்கிவிடலாமே என்பவர்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் பி.எஸ்.5 இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அந்தப் பணத்துக்கு விளையாட்டுத் தரம் அதில் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதில் கல்லூரிப் புராஜெக்ட் செய்ய முடியாது, விளையாட்டுகளின் விலையும் அதிகம். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு லேப்டாப்தான் சரி; அவருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

பழையதில் நல்லதும் பொல்லாததும்

செகண்ட் ஹேண்ட் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்குவது பட்ஜெட்காரருக்குக் கட்டுப்படியாகாது. எதை நம்பலாம், எதைத் தொடக் கூடாது என்ற தெளிவே தேவை. ரேம், பிராசஸர் இரண்டும் அநேகமாக நம்பத்தக்கவை. ஹார்டு டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ். இரண்டையும் பழையதாக வாங்கவே வேண்டாம். கார்டு நடுவில் நிற்கிறது. கிரிப்டோ தோண்டிய கார்டு இரவும் பகலும் சூட்டில் உழைத்தது, மின்விசிறி தேய்ந்திருக்கும். கண்ணெதிரே அரைமணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டிக் காட்டாத யாரிடமும் வாங்கக் கூடாது. ‘ஆர்.எக்ஸ். 580’ என்று விற்கப்படுவதில் ‘2048எஸ்.பி.’ என்ற ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான 580-ல் 2304 கணக்கீட்டுக் கூறுகள். 2018-ல் சீனச் சந்தைக்காக வந்த இந்த 2048 வகை, உள்ளுக்குள் அதற்குக் கீழான 570-தான். 580-ன் விலை கொடுத்து 570 வாங்குகிறோம்.

அடுத்தது ‘எக்ஸ்99’ என்ற பெயரில் வரும் சீன மதர்போர்டும், அலுவலக சர்வரிலிருந்து கழற்றிய ஜியான் பிராசஸரும். இருபது திரெட், முப்பத்திரண்டு ஜி.பி. ரேம் என்ற எண்கள் கண்ணைப் பறிக்கும். 2014 காலத்துத் தொழில்நுட்பம் அது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் விளையாடவும் அதுவும் செக்யூர் பூட்டும் கட்டாயம். இந்த மலிவுக் கட்டமைப்பு எந்த விளையாட்டுக்காக வாங்கப்படுகிறதோ அந்த விளையாட்டையே திறக்க விடாமல் போகலாம். பழைய நான்காம் தலைமுறை இன்டெல் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கும் இதே முட்டுக்கட்டை.

பஞ்சு, வெயில், கரண்ட் பில்

எந்த வீடியோவும் சொல்லாத மூன்று விஷயங்கள் இந்த மண்ணுக்கு உரியவை. முதலாவது பஞ்சு. நெசவு வீட்டிலும், நூற்பாலைகளும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளும் சூழ்ந்த பகுதியிலும் காற்றிலேயே நூல் துகள் மிதக்கிறது. அது ஹீட்சிங்கின் இடுக்குகளில் போய்ப் படிந்து ஜமுக்காளம்போல் அடைத்துவிடும். முன்புறம் கண்ணாடி வைத்து மூடிய கேபினெட் அழகாக இருக்கலாம், இங்கே அது வேலைக்காகாது. முன்புறம் வலையும், கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டரும் உள்ள கேபினெட் வேண்டும். தரையில் வைக்காமல் ஓரடி உயரத்தில் வைத்து, மாதம் ஒருமுறை புளோயரால் ஊதிவிட வேண்டும். கேபினெட்டில் வண்ண விளக்குக்குக் கொடுக்கும் பணத்தை இன்னொரு மின்விசிறிக்குக் கொடுங்கள்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக: அறையே 38 டிகிரியில் இருக்கும்போது குறைந்த வாட் கார்டுதான் நிம்மதி. கரண்ட் பில்லை மட்டும் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். கார்டுள்ள கம்ப்யூட்டரும் மானிட்டரும் விளையாடும்போது சேர்ந்து 250 வாட் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் ஒரு யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 60 யூனிட். தமிழ்நாட்டில் கட்டணம் அடுக்கு முறையில் ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கீழ் அடுக்குகளின் சலுகையும் சுருங்கிவிடும். கோடையில் 450-ல் நிற்கும் வீட்டை அந்த 60 யூனிட் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளும். நெசவாளர் குடும்பங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்ற சலுகை தறிக்காகத் தரப்படுவது. கம்ப்யூட்டரை வீட்டு மீட்டரில் போடுங்கள்.

▣ பில்லே வாரன்டி
• கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். “பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்” என்பவர் தள்ளுபடி செய்வது உங்கள் வாரன்டியை.
• ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.
• பழுதானால் பொருளைக் கடைக்காரர் அனுப்புவாரா, நீங்களே அனுப்ப வேண்டுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.
• காலிப் பெட்டிகளை வாரன்டி முடியும்வரை பரணில் வையுங்கள்.

விளையாட்டுக்கு இவ்வளவு பணமா?

இது பெற்றோரின் கேள்வி. இதற்குப் பல பிள்ளைகள் “படிப்புக்குத்தான்” என்று பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். முழு உண்மையையே பேசலாம். இந்தப் பெட்டியில் விளையாடத்தான் போகிறார்கள். விளையாட்டு ஒன்றும் குற்றம் இல்லை. 2023-ல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்-விளையாட்டுகளுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், மின்-விளையாட்டை அதிலிருந்து பிரித்து அங்கீகரிக்கிறது. பெற்றோர் அஞ்ச வேண்டியது பணம் கட்டும் ஆட்டத்துக்கே. அதே சமயம், விளையாடியே சம்பாதித்துவிடலாம் என்று பிள்ளைக்குக் கனவு விற்பவர்களையும் நம்ப வேண்டாம். அப்படிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர்.

பெற்றோர் கணக்கில் சேர்க்க வேண்டியது இன்னொன்று. விளையாட்டை ஓட்டும் அதே 16 ஜி.பி. ரேமும் கார்டும்தான் பிளெண்டரில் முப்பரிமாண உருவம் செய்யவும், கல்யாண வீடியோ எடிட் செய்யவும், சேலைக் கரைக்கு டிசைன் போடவும் வேண்டியவை. பக்கத்தில் சிவகாசியின் அச்சகங்கள் இருக்கின்றன. காலண்டருக்கும் பெட்டி அட்டைக்கும் டிசைன் செய்பவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. தன் கையால் ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தி, அது எழாதபோது காரணம் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்குக் கிடைத்திருப்பது ஒரு கைத்தொழிலின் முதல் பாடம். நல்ல மனதோடு அந்தக் கற்றலுக்குத் துணை நிற்கலாம்.

இன்றைய நிலையில் எங்கள் தேர்வு இது: பி550 மதர்போர்டு, ரைசன் 5 5600ஜி, இரண்டு 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம், என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., பிரான்ஸ் சான்று பெற்ற 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., வலை முகப்புள்ள கேபினெட், 24 அங்குல மானிட்டர். கார்டு அடுத்த ஆண்டு. பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லாமல் இன்றே கார்டு வாங்கித்தான் தீருவேன் என்பவர் மானிட்டரைத் தள்ளிப்போட்டு வீட்டு டி.வி.யில் விளையாடட்டும், எஸ்.எம்.பி.எஸ்.சை மட்டும் தொட வேண்டாம். நம் ஊர்க் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய கார்டை விற்கும்போது ஓட்டிக் காட்டி, ஒரு வாரத்துக்காவது எழுத்தில் உத்தரவாதம் கொடுங்கள். கேபினெட்டோடு வரும் பெயரில்லா எஸ்.எம்.பி.எஸ்.சைக் கேமிங் பி.சி.யில் பொருத்தி விற்பதை நிறுத்துங்கள்.